தாடை மூட்டு வலிக்கு லேசர்: பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் தெரிய வேண்டியவை

காலையில் எழுந்ததும் காதுக்கு முன்னால் ஓர் இறுக்கம். பல் துலக்க வாயைத் திறந்தால் 'டக்'கென்று சத்தம். மதியம் கேன்டீனில் பரோட்டாவை மெல்லும்போது தாடை வலிக்கிறது. கொட்டாவி விடவே பயமாக இருக்கிறது. காதில் ஏதோ பிரச்சினை என்று நினைத்து காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனால், "காது நல்லாத்தான் இருக்கு, பல் டாக்டரைப் பாருங்க" என்கிறார். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "டி.எம்.ஜே. பிராப்ளம். லேசர் வெச்சா சரியாகிடும். எட்டு சிட்டிங், பேக்கேஜா எடுத்தா ரேட் குறையும்" என்கிறார்கள்.

இப்படி ஒரு நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஊசி இல்லை, கத்தி இல்லை, வலியும் இல்லை. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த லேசர் உண்மையில் என்ன செய்கிறது? ஆய்வுகள் அதற்கு எவ்வளவு மதிப்பெண் கொடுக்கின்றன? அதற்கு முன்பு முயன்று பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த மூட்டு இது?

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரல் நுனியை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. மருத்துவர்கள் சுருக்கமாக டி.எம்.ஜே. என்பார்கள்.

கீழ்த்தாடை எலும்பின் உருண்டையான முனை, மண்டையோட்டில் இருக்கும் ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெத்தைபோல ஒரு மெல்லிய தட்டு. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது இந்த மூட்டு கதவுக் கீலைப்போலச் சுழல்கிறது. அகலமாகத் திறந்தால் அந்த முனை முன்னோக்கி வழுக்கிக்கொண்டு நகர்கிறது. சுழற்சி, நகர்வு என இரண்டையும் செய்கிற மூட்டு இது. போதாக்குறைக்கு, இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தே ஆக வேண்டும்.

பேச்சுவழக்கில் "எனக்கு டி.எம்.ஜே. இருக்கு" என்கிறோம். மூட்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது. அதில் வரும் கோளாறுகளுக்குப் பொதுப் பெயர் டி.எம்.டி. இந்தப் பெயருக்குள் 30-க்கும் மேற்பட்ட பிரச்சினைகள் அடங்கும். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, மெல்லும் தசைகளில் வரும் வலி. இரண்டு, நடுவில் உள்ள தட்டு இடம் நழுவுவது. வாய் திறக்கும்போது கேட்கும் 'டக்' சத்தம் பெரும்பாலும் நழுவிய தட்டு மீண்டும் இடத்தில் உட்காரும்போது வருவதுதான். மூன்று, மூட்டிலேயே ஏற்படும் தேய்மானமும் வாதமும்.

வலி இல்லாமல், வாய் நன்றாகத் திறக்கும் நிலையில் வெறும் சத்தம் மட்டும் வந்தால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை. நிறைய பேருக்கு அப்படி ஒரு சத்தம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிடுகிறது.

வலி எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்கு 2014-ல் வெளியான சர்வதேச நோயறிதல் விதிமுறைகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நம்பியிருப்பது மருத்துவரின் காதையும் விரலையும்தான். வலி எப்போது வருகிறது என்று கேட்பது, தசைகளையும் மூட்டையும் அழுத்திப் பார்ப்பது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளப்பது ஆகியவை. முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். நடுவில் உள்ள தட்டு தெரியாது. அதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தேவைப்படாது.

ஏன் வருகிறது?

20 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களிடம், அதிலும் பெண்களிடம், இந்தப் பிரச்சினை அதிகம் காணப்படுகிறது. ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. பகலில் அறியாமலே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது, இரவில் நறநறப்பது, தூக்கமின்மை, மன அழுத்தம், தாடையில் பட்ட அடி, ஒற்றைத் தலைவலி போன்ற வேறு வலிகள் ஏற்கெனவே இருப்பது என்று பலவும் சேர்ந்து வேலை செய்கின்றன.

டெட்லைன் நேரத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டிக்கொண்டிருந்தால், தாடைத் தசைகள் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரங்களில் பற்கள் தொட்டுக்கொள்ளத் தேவையே இல்லை.

'பல் வரிசை சரியில்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்' என்ற பழைய கருத்து ஒன்று உண்டு. அதை நம்பி நல்ல பற்களைத் தேய்த்துச் சமன் செய்வது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பல் வரிசைக்கு அவ்வளவு பெரிய பங்கு இல்லை என்பதே இன்றைய புரிதல். தேய்த்த பல் திரும்ப வளராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

லேசர் என்ன செய்கிறது?

பல் மருத்துவமனையில் இரண்டு விதமாக லேசரைப் பயன்படுத்துகிறார்கள். ஈறை வெட்டவும் சதையை அகற்றவும் பயன்படுவது ஒன்று. அது சூட்டினால் வேலை செய்கிறது. தாடை வலிக்குக் கொடுப்பது குறைந்த ஆற்றல் லேசர். இது வெட்டாது, சுடாது. மில்லிவாட் அளவிலான சிவப்பு ஒளியையோ, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையோ தோலின் வழியாக உள்ளே அனுப்புகிறது. இப்போது இதை 'ஃபோட்டோபயோமாடுலேஷன்' என்று அழைக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சையின் தொடக்கம் சுவாரஸ்யமானது. 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளி தீங்கு செய்கிறதா என்று அறிய, முடியை மழித்த எலிகளின் மீது அதைப் பாய்ச்சிப் பார்த்தார். ஒளி பட்ட இடத்தில் முடி வேகமாக முளைத்தது. மிகக் குறைந்த லேசர் ஒளி செல்களைத் தூண்டக்கூடும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே இருக்கும் ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் ஏ.டி.பி. எனும் ஆற்றல் மூலக்கூறின் உற்பத்தி கூடுகிறது. வீக்கமும் வலி உணர்வும் குறைகின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆய்வகத்தில் செல்களிடம் இந்த விளைவுகளைக் காண முடிகிறது. மனிதத் தாடையில், தோலையும் கொழுப்பையும் தசையையும் தாண்டி மூட்டுக்குள் எவ்வளவு ஒளி போய்ச் சேருகிறது என்பது வேறு கேள்வி. போகிற வழியிலேயே பெரும்பகுதி சிதறிவிடும்.

அளவும் முக்கியம். 100 மில்லிவாட் லேசரை ஒரு புள்ளியில் 60 விநாடி வைத்தால் 6 ஜூல் ஆற்றல் கிடைக்கும். அதே கருவியை 10 விநாடி வைத்தால் 1 ஜூல்தான். ஆற்றல் குறைந்தால் பலன் இருக்காது. ஓர் அளவுக்கு மேல் போனாலும் பலன் குறைகிறது. அதனால், 'லேசர் வெச்சாங்க' என்று மட்டும் சொல்வது, 'மாத்திரை கொடுத்தாங்க' என்று சொல்வதைப் போன்றதுதான். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது அதில் இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதலில் லேசருக்குச் சாதகமான ஒன்றைச் சொல்லிவிடலாம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோதெரபியும் எடுப்பவர்களில் பலருக்கு வாய்க்குள் கடுமையான புண் வரும். அதைத் தடுக்க, குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு இதே குறைந்த ஆற்றல் லேசரைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. ஆகவே, இதை 'சும்மா ஏமாத்து வேலை' என்று ஒதுக்கிவிட முடியாது.

தாடை மூட்டு வலியில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால், பலவும் சிறியவை. ஓர் ஆய்வில் ஓர் அலைநீளம், இன்னொன்றில் வேறு. ஒன்றில் வாரத்துக்கு இரண்டு தடவை, இன்னொன்றில் மூன்று தடவை. சிலவற்றில் வலி குறைந்தது. சிலவற்றில் போலி லேசருக்கும் உண்மை லேசருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

2023 டிசம்பரில் பிரிட்டனின் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு முக்கியமான வழிகாட்டுதல் வெளியானது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு எந்தச் சிகிச்சை நல்லது என்று அது அலசியது. அதற்காக 153 பரிசோதனைகளின் முடிவுகளை ஒப்பிட்டார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 8,713 பேர். ஒப்பிடப்பட்ட சிகிச்சைகளும் கூட்டுச் சிகிச்சைகளும் 59. மருத்துவர்களுடன் நோயாளிகளும் இந்தக் குழுவில் இருந்தார்கள்.

குழு உறுதியாகப் பரிந்துரைத்தவை இவை: பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சியும் நீட்டல் பயிற்சியும், உடல் தோரணையைச் சரிசெய்யும் பயிற்சி, தசையில் வலி முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, கையால் மூட்டை மெதுவாக அசைத்துக் கொடுப்பது, வலியைக் கையாளக் கற்றுத்தரும் சி.பி.டி. எனும் உளவியல் சிகிச்சை, வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளும் நோயைப் பற்றிய தெளிவான விளக்கமும்.

லேசர் எங்கே? 'நிபந்தனையுடன் எதிராக' என்ற பட்டியலில். அதாவது, பெரும்பாலானவர்களுக்கு இது தேவைப்படாது. விவரம் தெரிந்த பிறகும் ஒருவர் விரும்பினால் பேசி முடிவு செய்யலாம். 'செய்யவே கூடாது' என்று அந்தக் குழு சொல்லவில்லை. அப்படிச் சொன்னது, பல் வரிசையையே நிரந்தரமாக மாற்றிவிடும் வகை வாய்த்தட்டு, மூட்டுத் தட்டை வெட்டி எடுப்பது போன்றவற்றுக்குத்தான். லேசர் இருந்த அதே பட்டியலில் போடாக்ஸ் ஊசியும், நைட் கார்டு எனப்படும் கழற்றி மாட்டும் வாய்த்தட்டும்கூட இருந்தன. நைட் கார்டு பல் தேய்வதைத் தடுக்க உதவலாம். நாள்பட்ட வலியைக் குறைக்கும் என்பதற்குத்தான் ஆதாரம் போதவில்லை.

'ஆனா, எனக்கு லேசர் வெச்சதும் குறைஞ்சுதே!'

குறைந்திருக்கும். அதில் பொய் இல்லை. லேசரால்தான் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

தாடை வலி ஏறி இறங்கும் தன்மை கொண்டது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் மருத்துவரிடம் ஓடுவார்கள். அடுத்த மூன்று, நான்கு வாரங்களில், எதுவும் செய்யாவிட்டாலும் பலருக்கு அது இறங்கிவிடும். அதே நான்கு வாரங்களில் எட்டு சிட்டிங் முடிந்திருந்தால், பெயர் லேசருக்குப் போகும்.

இதைப் பிரித்தறியத்தான் போலி லேசர் ஆய்வுகள். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. கருவியைத் தோலில் வைத்து, ஒளியை மட்டும் அணைத்துவிட்டால் நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. அப்படிப் போலிச் சிகிச்சை பெற்றவர்களிலும் பலருக்கு வலி குறைகிறது. ஒருவர் அக்கறையாகக் கவனிப்பதும், 'இது ஒண்ணும் பெரிய வியாதி இல்லை' என்று தெரியவருவதும்கூட வலியைக் குறைக்கக் கூடியவை.

அப்படியானால் முதலில் என்ன செய்யலாம்?

பெரும்பாலானவர்களுக்கு எளிய வழிகளே போதும். செலவும் குறைவு. ஆனால், தினமும் செய்ய வேண்டும். பலர் கைவிடுவது அங்கேதான்.

உதடுகள் மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும். நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாகத் தொட்டிருக்கட்டும். போனில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரிமைண்டர் வைத்து, ஒவ்வொரு தடவையும் தாடையைத் தளர்த்துங்கள்.

வலி அதிகமாக இருக்கும் நாட்களில் இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் போதும். முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் கஞ்சியிலேயே ஓட்டவும் கூடாது. தசைக்கு வேலை வேண்டும்.

வெதுவெதுப்பான துணியை 10, 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையை முட்டுக்கொடுத்து, வாய் அகலமாகத் திறக்காமல் பார்த்துக்கொள்ளலாம். கழுத்துக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவதை விட்டுவிடலாம்.

தாடைப் பயிற்சியை யூடியூப் பார்த்துத் தொடங்குவதைவிட, ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது. தட்டு நழுவியவருக்கும் தசை வலிக்காரருக்கும் பயிற்சி ஒன்றாக இருக்காது. வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கி வாரக்கணக்கில் தொடர்ந்தால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

சி.பி.டி. என்றதும், 'எனக்கென்ன மனநோயா?' என்று சிலர் கோபப்படுவதுண்டு. வலி உண்மையானதுதான். அந்த வலியைப் பற்றிய பயம் தசையை இறுக்குகிறது, இறுகிய தசை மேலும் வலிக்கிறது. இந்தச் சுழலை உடைக்கக் கற்றுத்தருவதே அந்தச் சிகிச்சை.

இதையெல்லாம் தாண்டி லேசர் வேண்டுமென்றால்?

பயிற்சி செய்யவே முடியாத அளவுக்கு வலி இருந்து, லேசர் தரும் சில நாள் நிம்மதியில் பயிற்சியைத் தொடங்கலாம் என்று மருத்துவர் நினைத்தால், துணைச் சிகிச்சையாக அதை முயன்று பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. சரியாகச் செய்தால் பக்கவிளைவுகள் மிகக் குறைவு. பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. எனக்கு இருப்பது தசை வலியா, தட்டுப் பிரச்சினையா, மூட்டு வாதமா? 'டி.எம்.ஜே. பிராப்ளம்' என்பது மட்டும் பதில் ஆகாது.

2. எந்த அலைநீளம், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல், மொத்தம் எத்தனை சிட்டிங்?

3. இதோடு சேர்த்து என்ன பயிற்சி தரப்போகிறீர்கள்? லேசர் மட்டும்தான் என்றால் யோசிக்க வேண்டும்.

4. இரண்டு, மூன்று சிட்டிங்கில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாமா, மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா?

5. கண்ணாடி தருவீர்களா? லேசர் ஒளி நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரை பாதிக்கப்படலாம். நோயாளி, மருத்துவர் இருவருமே அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

அந்தப் பகுதியில் கட்டியோ புற்றுநோயோ இருப்பவர்கள், கர்ப்பிணிகள், வெளிச்சம் பட்டால் தோல் பாதிக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பெரிய தொகை கேட்கப்படும்போது, அங்கே ஓரல் மெடிசின் பிரிவில் இரண்டாவது கருத்து கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

தாடையில் வலித்தாலே அது மூட்டுக் கோளாறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதுதான் லேசரைவிட முக்கியமான விஷயம்.

பாக்கு, குட்கா, பான் மசாலா பழக்கம் உள்ள ஒருவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போனால், காரம் பட்டாலே வாய் எரிந்தால், கன்னத்தின் உட்பகுதி நார்போல இறுகும் 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' ஆக இருக்கலாம். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. இதை மூட்டுப் பிரச்சினை என்று நினைத்து லேசரில் மாதங்களைக் கழிப்பது ஆபத்து. சாதாரணமாக, நம் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் காட்டிவிடுங்கள்.

மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, நின்றால் குறைந்தால், கூடவே மூச்சு வாங்கினால், வியர்த்தால், அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

50 வயதைக் கடந்த அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கக்கூடும். தாமதித்தால் பார்வையே போகலாம்.

காய்ச்சலோடு வீக்கம், முகத்தில் மரத்துப்போதல், ஆறாத புண், திறந்த வாய் மூட முடியாமல் மாட்டிக்கொள்வது ஆகியவற்றுக்கும் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

அவசரம் யாருக்கு?

1980-களில் அமெரிக்காவில் தாடை மூட்டுத் தட்டுக்குப் பதிலாக டெஃப்லான் பூசிய செயற்கைத் தட்டுகளைப் பலருக்குப் பொருத்தினார்கள். அன்று அது நவீன சிகிச்சை. சில ஆண்டுகளில் அவை உள்ளேயே உடைந்து துகள்களாகி, சுற்றியிருந்த எலும்பை அரித்தன. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்து, அவற்றைத் திரும்பப்பெற வைத்தது. பலர் அதன் பிறகும் அறுவை சிகிச்சைமேல் அறுவை சிகிச்சை என்று அலைய நேர்ந்தது.

லேசரை அதோடு ஒப்பிட முடியாது. அது உடம்பில் எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனால், தாடை மூட்டு மருத்துவத்தில் 'எளியதில் தொடங்கு, திருப்ப முடியாததைக் கடைசிவரை தள்ளிவை' என்ற நிதானம் இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் வலுப்பெற்றது.

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால், தாடை வலிக்கு இன்றே பேக்கேஜ் எடுத்தாக வேண்டிய அவசரம் இல்லை. வலி எந்த வகை என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் லேசர் தேவையென்று மருத்துவர் சொன்னால், அந்த ஐந்து கேள்விகளோடு போங்கள். இதைப் படித்து முடித்த இந்த நேரத்தில் மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? முதலில் அதைத் தளர்த்திவிடுங்கள்.